கருவிழி மாற்று அறுவைக் கிளெய்ம் திரும்பி வரும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்க நோயாளிகளின் கண் சிகிச்சைச் சார்ட்டுகளை, அதாவது மருத்துவப் பதிவுகளை, காப்பீட்டுக் கிளெய்முக்கான குறியீடுகளாக மாற்றிச் சென்னையிலும் கோவையிலும் அமர்ந்து கோடிங் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவிழி மாற்று அறுவை சிகிச்சை எண்ணிக்கையில் கண்புரை அறுவைக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் ஒரு கோடரின் கைக்கு அது எப்போதாவதுதான் வருகிறது. வரும்போது அவசரத்தில் போடப்படுகிறது. சில வாரங்களில் காப்பீட்டு நிறுவனத்தால் மறுக்கப்பட்டுத் திரும்புகிறது. திரும்பியதும் குறியீட்டை மாற்றி மறுபடி அனுப்பிப் பார்ப்பதுதான் பல அலுவலகங்களில் நடக்கிறது. ஆடிட்டராக நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் முதல் குறை குறியீட்டில் இல்லை. மருத்துவர் எழுதியிருக்க வேண்டிய ஒரு வாக்கியம் சார்ட்டில் இல்லை, அல்லது அது இருந்தும் கோடர் அதுவரை படிக்கவில்லை. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எந்த வாக்கியத்தைத் தேட வேண்டும் என்பதை முதலில் சொல்லி, அதன் பிறகே குறியீட்டுக்கு வருகிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. தமிழில் நிராகரிப்பு என்றால் பேயர், அதாவது பணம் தரும் காப்பீடு, கிளெய்மை மறுப்பதையும் குறிக்கலாம், உடல் கொடைத் திசுவை எதிர்ப்பதையும் குறிக்கலாம். குழப்பம் வராமலிருக்க, கிளெய்ம் மறுக்கப்படுவதை டினையல் என்றும், திசு எதிர்க்கப்படுவதை ரிஜெக்ஷன் என்றும், மாற்றப்பட்ட திசு செயலற்றுப் போவதை ஃபெயிலியர் என்றும் எழுதுகிறேன். எந்தக் குறியீட்டையும் சிகிச்சை நடந்த தேதிக்குரிய பதிப்பில் சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். நோய்க் குறியீடுகளின் தொகுப்பான ஐசிடி-10-சிஎம் ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 1 அன்று மாறுகிறது.

அறிகுறி: ஆபரேட்டிவ் நோட்டும் சிபிடி எண்ணும் பொருந்தவில்லை என்று கிளெய்ம் திரும்புகிறது

ஆபரேட்டிவ் நோட் என்பது மருத்துவர் எழுதும் அறுவைக் குறிப்பு, சிபிடி என்பது செய்த சிகிச்சைக்கான எண். கருவிழியின் எந்த அடுக்கு மாற்றப்பட்டது என்பதே முதல் கேள்வி. முன் அடுக்குகள் மட்டும் மாற்றப்பட்டு நோயாளியின் சொந்த உட்படலம் அப்படியே விடப்பட்டிருந்தால் 65710. டெசிமெட் படலமும் எண்டோதீலியம் என்ற உள் அணு அடுக்கும் அடங்கிய உள் அடுக்கு மட்டும் மாற்றப்பட்டிருந்தால் 65756. டிசேக், டிமெக் என்ற இரு உள் அடுக்கு மாற்று முறைகளும் இந்த ஒரே எண்ணுக்குள் வருகின்றன. முழுக் கனமும் மாற்றப்பட்டிருந்தால் இரண்டாவது கேள்வி எழுகிறது: அந்தக் கண்ணில் லென்ஸின் நிலை என்ன? இயற்கை லென்ஸ் இருந்தால் 65730, லென்ஸே இல்லாத கண்ணானால் 65750, ஏற்கெனவே செயற்கை லென்ஸ் வைக்கப்பட்ட கண்ணானால் 65755. இந்த இரண்டாவது கேள்வி முழுக் கன மாற்றுக்கு மட்டுமே உரியது. 65756 போடும்போது லென்ஸ் நிலையைப் பற்றிய கவலை இல்லை. அதே அமர்வில் கண்புரையும் அகற்றப்பட்டு லென்ஸ் வைக்கப்பட்டிருந்தால் 66984 தனியாகச் சேரும்.

நோட்டின் தலைப்பில் உள்ள பெயரை நம்பிக் கோடிங் செய்வதுதான் இங்கே நடக்கும் தவறு. தலைப்பு பெரும்பாலும் அறுவைக்கு முன்பு திட்டமிட்டது. உடல்பகுதி நடந்ததைச் சொல்வது. ஒரு சார்ட் நினைவில் இருக்கிறது. தலைப்பில் ஆழ்ந்த முன் அடுக்கு மாற்று என்று இருந்தது. கோடர் 65710 போட்டிருந்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில், காற்றைச் செலுத்தி அடுக்குகளைப் பிரிக்கும்போது டெசிமெட் படலம் பெரிதாகக் கிழிந்ததால் முழுக் கன மாற்றாக மாற்றப்பட்டது என்ற ஒரே ஒரு வரி இருந்தது. நிறைவேறிய அறுவையைத்தான் கோட் செய்ய வேண்டும், இயற்கை லென்ஸ் இருந்த கண் என்பதால் அது 65730. தொடங்கிய முயற்சிக்குத் தனி எண் கிடையாது.

உடல்பகுதியில் தேட வேண்டிய சொற்களையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் கருவிழி வட்டமாக முழுக் கனத்தில் வெட்டி எடுக்கப்பட்டதாகவும், கொடைத் திசு பத்து-பூஜ்யம் நைலான் இழையால் சுற்றிலும் தைக்கப்பட்டதாகவும் இருந்தால் அது முழுக் கன மாற்று. சிறு வெட்டு வழியாகக் கொடைத் திசு முன்னறைக்குள் செலுத்தப்பட்டு, விரிக்கப்பட்டு, காற்று அல்லது வாயுக் குமிழியால் மேலே ஒட்டவைக்கப்பட்டதாக இருந்தால் அது உள் அடுக்கு மாற்று. செயற்கை லென்ஸ் பற்றிய குறிப்பு ஆபரேட்டிவ் நோட்டில் இல்லாவிட்டால், அறுவைக்கு முந்தைய பரிசோதனைக் குறிப்பில் ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) பகுதியைப் பாருங்கள். அங்கும் இல்லாவிட்டால் ஊகிக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். பழைய அறுவைக்கு மேல் செய்யப்படும் இரண்டாவது மாற்றுக்குத் தனி சிபிடி எண் இல்லை. மேற்சொன்ன அதே எண்களே பொருந்தும். இரண்டாவது மாற்று ஏன் தேவைப்பட்டது என்பதை நோய்க் குறியீடுதான் சொல்ல வேண்டும்.

அறிகுறி: 65756-க்குப் பணம் வந்தது, 65757 மட்டும் டினையல்

65757 என்பது அறுவை மருத்துவரே மேசையில் கொடைத் திசுவை உள் அடுக்கு மாற்றுக்கேற்பத் தயாரிப்பதற்கான கூடுதல் எண்; 65756 இல்லாமல் அது நிற்காது. இப்போது பல கண் வங்கிகள் திசுவை முன்கூட்டியே வெட்டியோ உரித்தோ அனுப்பிவிடுகின்றன. அப்படி வந்த திசுவுக்கு இந்த எண் போடக் கூடாது, ஏனெனில் அந்த வேலையை மருத்துவர் செய்யவில்லை. ஆபரேட்டிவ் நோட்டில் கொடைத் திசுவைப் பற்றிய பத்தியைப் படியுங்கள். கண் வங்கியின் தயாரிப்புத் திசு என்று இருந்தால் 65757-ஐ எடுத்துவிடுங்கள். மேல்முறையீட்டில் நேரத்தைச் செலவிட வேண்டாம். மருத்துவரே மைக்ரோகெரட்டோம் என்ற வெட்டுக் கருவியைக் கொண்டு வெட்டியதாகவோ, கையால் உரித்ததாகவோ விவரம் இருந்தால் அந்தப் பத்தியையே மேல்முறையீட்டில் முன்வையுங்கள். தயாரிக்கப்பட்டது என்று செயப்பாட்டு வினையில் மட்டும் எழுதி, யார் செய்தார் என்பது இல்லையென்றால் அது கேட்டுத் தெளிய வேண்டிய இடம்.

அறிகுறி: நோய்க் குறியீடு செல்லாது என்று மென்பொருளே திருப்பி அனுப்புகிறது

கருவிழி மாற்றின் சிக்கல்களுக்கு டி86.84 (இதிலும் கீழே வரும் குறியீடுகளிலும் முதலில் உள்ள டி ஆங்கில T) என்ற குடும்பம் இருக்கிறது: டி86.840 ரிஜெக்ஷன், டி86.841 ஃபெயிலியர், டி86.842 தொற்று, டி86.848 குறிப்பிட்ட பிற சிக்கல், டி86.849 குறிப்பிடப்படாதது. 2020 அக்டோபர் 1 முதல் இவை ஒவ்வொன்றுக்கும் ஏழாவது இடத்தில் எந்தக் கண் என்பதைச் சேர்க்க வேண்டும்: 1 வலது, 2 இடது, 3 இரண்டும், 9 குறிப்பிடப்படாதது. ஆகவே வலக் கண் ரிஜெக்ஷன் டி86.8401. பழைய பட்டியலை மேசையில் ஒட்டிவைத்திருப்பவர்கள் ஆறு இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது அரைகுறைக் குறியீடாகத் திரும்பும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஒரு கிளெய்ம் மூன்று முறை திரும்பிய பிறகு என்னிடம் வந்தது. அதில் டி86.8401ஏ என்று இருந்தது. காயங்கள், சிக்கல்கள் அடங்கிய அத்தியாயத்தில் பெரும்பாலான குறியீடுகளுக்குக் கடைசியில் ஏ (A), டி (D), எஸ் (S) என்ற எழுத்து தேவைப்படுவதால் கோடரின் கை தானாக ஏ போட்டிருக்கிறது. எழுத்துகளையும் எண்களையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் போதும்: டி, 8, 6, 8, 4, 0, 1 என்று ஏழு இடமும் நிரம்பிவிட்டன, எட்டாவது இடம் என்று ஒன்று இல்லை. மாறாக, வைக்கப்பட்ட திசு இடம்பெயர்ந்ததற்கான டி85.328-க்கு ஏழாவது இடம் காலியாக இருப்பதால் டி85.328ஏ சரியானது. அதில் கண்ணின் பக்கம் இல்லாததால், சிபிடி எண்ணோடு ஒட்டி வரும் கூடுதல் குறியான மாடிஃபையர்தான், அதாவது வலதுக்கு ஆர்டி, இடதுக்கு எல்டி, பக்கத்தைச் சொல்லும்.

அதே 2020 திருத்தத்தில்தான் எண்டோதீலியம் தேயும் ஃபூக்ஸ் நோய் அடங்கும் எச்18.51-ம் விரிந்தது: எச்18.511 வலது, எச்18.512 இடது, எச்18.513 இரண்டும். மாற்று அறுவைக்கு மிகவும் அடிக்கடி காரணமாகும் நோய்களில் அது ஒன்று என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

அறிகுறி: இசட்94.7-ம் டி86-ம் ஒரே கிளெய்மில் மோதுகின்றன

இசட்94.7 என்பது கருவிழி மாற்றப்பட்டவர் என்ற நிலையை மட்டும் சொல்லும் குறியீடு. மாற்றப்பட்ட கருவிழிக்குச் சிக்கல் வந்துவிட்டால் டி86.84 குறியீடே மாற்று நடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது, அதோடு இசட்94.7 போடுவது முரண். ஐசிடி நூலிலும் இந்த விலக்குக் குறிப்பு இருக்கிறது. திசு தெளிவாக, நன்றாக இருக்கும் நோயாளி வழக்கமான பரிசோதனைக்கு வரும்போதுதான் இசட்94.7-க்கு இடம்.

வலக் கண் மாற்று செயலற்றுப்போய், இடக் கண் மாற்று நன்றாக இருக்கும் நோயாளியிடம்தான் உண்மையான சிக்கல். இசட்94.7-ல் பக்கம் சொல்ல இடமில்லை என்பதால், இரண்டும் வெவ்வேறு கண்கள் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அன்றைய வருகை வலக் கண்ணுக்காக என்றால் டி86.8411 போதும்; இடக் கண்ணின் நிலையைக் குறிப்பில் மருத்துவர் எழுதியிருப்பதே ஆவணத்துக்குப் போதுமானது என்பது என் தீர்மானம்.

அறிகுறி: ரிஜெக்ஷனா, ஃபெயிலியரா என்று ஆடிட்டில் கேள்வி வருகிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கருவிழி கோடிங்கில் மிகப் பெரிய தவறு இங்கேதான் நேர்கிறது. அந்தத் தவறு பணத்தை மட்டுமல்லாமல் நோயாளியின் நிரந்தர ஆவணத்தையும் பாதிக்கிறது. ரிஜெக்ஷன் என்பது உடலின் எதிர்ப்பு ஆற்றல் கொடைத் திசுவைத் தாக்குவது. சரியான நேரத்தில் ஸ்டீராய்டு சொட்டுகள் கொடுத்தால் அதிலிருந்து திசு மீண்டுவிடக்கூடும். ஃபெயிலியர் என்பது எண்டோதீலியம் நீரை வெளியேற்ற முடியாமல் போய், கருவிழி நிரந்தரமாக மங்கிவிடுவது. ரிஜெக்ஷன் முற்றி ஃபெயிலியர் ஆகலாம். ரிஜெக்ஷனே இல்லாமல் பல ஆண்டுகளில் அணுக்கள் மெல்லக் குறைந்தும் ஃபெயிலியர் ஆகலாம். அறுவை நடந்த நாள்முதல் திசு ஒருபோதும் தெளியாமலே போகலாம். மூன்றும் ஸ்லிட் லேம்பில் ஒரு கட்டத்தில் ஒரேபோலத் தெரியும்: நீர்கோத்து வீங்கிய, மங்கலான கருவிழி.

அதனால் குறிப்பில் வீங்கிய திசு என்று மட்டும் இருந்தால் கோடர் எதையும் போட முடியாது. ரிஜெக்ஷனை ஆதரிக்கும் மருத்துவக் கண்டுபிடிப்புகள் உண்டு: முன்பு தெளிவாக இருந்த திசுவில் புதிதாக வீக்கம், எண்டோதீலியத்தின் மேல் ஊர்ந்துசெல்லும் கோடடுஸ்ட் கோடு, திசுவின் பின்புறத்தில் படிந்த வெள்ளணுத் திட்டுகள், முன்னறையில் அழற்சி அணுக்கள். இவற்றைப் பார்த்ததும் அனுபவமுள்ள கோடருக்கு இது ரிஜெக்ஷன்தான் என்று தோன்றும். தோன்றினாலும் அதை எழுத வேண்டியவர் மருத்துவரே. ஹெர்பிஸ் வைரஸ் மீண்டும் தலைதூக்கினாலும் ஏறக்குறைய இதே தோற்றம் வரும், அது பி00.52 என்ற வேறு நோய், அதற்கான சிகிச்சையும் வேறு.

மருத்துவருக்கு அனுப்பும் குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கடிதம், எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். அது ஆங்கிலத்தில்தான் போகும், அதன் உள்ளடக்கம் இப்படி இருக்க வேண்டும்: "மார்ச் 12 வருகைக் குறிப்பில் வலக் கண் மாற்றுத் திசுவில் புதிய வீக்கம், எண்டோதீலியல் கோடு, முன்னறை அணுக்கள் ஆகியவை பதிவாகியுள்ளன, பிரெட்னிசோலோன் சொட்டு மணிக்கு ஒரு முறை தொடங்கப்பட்டுள்ளது. இந்தக் கண்டுபிடிப்புகளுக்குரிய நோயறிதலைத் தங்கள் மருத்துவத் தீர்மானத்தின்படி பதிவு செய்யவும்: எண்டோதீலியல் ரிஜெக்ஷன், மாற்று ஃபெயிலியர், வைரஸ் அழற்சி, வேறு, குறிப்பிடவும், இப்போது தீர்மானிக்க இயலாது." கண்டுபிடிப்புகளைத் தேதியோடு சொல்கிறோம், ஒன்றுக்கு மேற்பட்ட நியாயமான விடைகளைத் தருகிறோம், வேறு என்பதற்கும் தீர்மானிக்க இயலாது என்பதற்கும் இடம் விடுகிறோம். எந்த விடைக்கு எவ்வளவு பணம் வரும் என்பது குவெரியில் ஓர் எழுத்தாகக்கூட வரக் கூடாது. "இது ரிஜெக்ஷன்தானே, உறுதி செய்யவும்" என்று எழுதுவது விடையைக் கையில் திணிப்பது. ஆடிட்டில் அந்தக் குவெரியே நமக்கு எதிரான சான்றாகிவிடும்.

விடை வந்த பிறகு இரண்டு குறியீடுகள் தேவை என்பதை மறக்கக் கூடாது. அதிகாரபூர்வ வழிகாட்டியின்படி, மாற்றுறுப்புச் சிக்கலை முழுமையாகச் சொல்ல டி86 குறியீடும், அந்தச் சிக்கல் என்ன என்று காட்டும் இன்னொரு குறியீடும் வேண்டும். வலக் கண் ஃபெயிலியரில் இரண்டாம்நிலை கருவிழி வீக்கம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் டி86.8411-க்குப் பின் எச்18.231. தொற்றானால் டி86.8421-க்குப் பின் எச்16.011 போன்ற புண் குறியீடு, வளர்ப்புச் சோதனையில் கிருமி தெரிந்திருந்தால் அதற்கான குறியீடு. நோயாளியின் கடந்தகால ரிஜெக்ஷன் வரலாற்றைப் பார்த்து இன்றைய வருகைக்கும் டி86.8401 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்று மருத்துவர் மதிப்பிட்டதும் சிகிச்சை அளித்ததும் எதற்கு என்பதே இன்றைய குறியீடு.

அறிகுறி: குமிழி மறுபடி செலுத்தியதற்கு டினையல்

டிமெக் முடிந்த ஆறாம் நாள் நோயாளி மங்கலான பார்வையோடு வருகிறார். ஸ்லிட் லேம்பில் திசுவின் கீழ் மூன்றில் ஒரு பங்கு பிரிந்து தொங்குகிறது. மருத்துவர் முன்னறைக்குள் காற்றைச் செலுத்தி மறுபடி ஒட்டவைக்கிறார். இதற்கு 66020 என்ற எண் உண்டு. பணம் வருமா என்பது, இது எந்த அறையில் நடந்தது என்பதைப் பொறுத்தது.

கருவிழி மாற்றுக்கு, அமெரிக்க அரசின் காப்பீடான மெடிகேரில் 90 நாள் குளோபல் பீரியட், அதாவது பின்கவனிப்பும் அறுவைக் கட்டணத் தொகுப்பில் அடங்கும் காலம், இருக்கிறது. அந்தக் காலத்துக்குள் வரும் சிக்கலுக்கான சிகிச்சை, அறுவை அரங்குக்குத் திரும்பிச் சென்று செய்யப்பட்டால் மட்டுமே தனியாகப் பணம் பெறும். அப்போது மாடிஃபையர் 78 சேர்க்க வேண்டும். அறுவை அரங்கு என்பதற்கு மெடிகேரிடம் தெளிவான வரையறை இருக்கிறது: அறுவைகளுக்காக மட்டுமே கருவிகளும் பணியாளர்களும் அமைக்கப்பட்ட இடம். லேசர் அறை அதில் சேரும். சிறு சிகிச்சை அறையும் பரிசோதனை நாற்காலியும் சேராது. ஆகவே கிளினிக்கில் செலுத்தப்பட்ட குமிழிக்கு மெடிகேரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அது முதல் அறுவைக் கட்டணத்திலேயே அடங்கிவிட்டது. தனியார் காப்பீடுகளில் சில சிபிடி நூலின் விளக்கத்தைப் பின்பற்றுகின்றன. அந்த விளக்கம் வழக்கமான பின்கவனிப்பை மட்டுமே தொகுப்புக்குள் வைக்கிறது. அந்தந்தப் பேயரின் கொள்கையைப் படித்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

நோட்டில் எந்த இடத்தில் செய்யப்பட்டது என்ற வரி இல்லாததால், அரங்கிலேயே நடந்த சிகிச்சைக்கும் பணம் வராமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. திசு இடம்பெயர்ந்தது என்று அவர் எழுதியிருந்தால் முன்பே சொன்ன டி85.328ஏ அங்கே பொருந்தும். முதல் அறுவையின்போதே செலுத்தப்பட்ட காற்றுக்கு 66020 போடக் கூடாது. அது அறுவையின் பகுதி.

இங்கே மாடிஃபையர் 58 போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 58 முன்பே திட்டமிடப்பட்ட அடுத்த கட்டத்துக்கும், முதல் அறுவையை விட விரிவான தொடர் அறுவைக்கும் உரியது. திசு பிரிந்துவிடும் என்று யாரும் திட்டமிடுவதில்லை. 58 புதிய குளோபல் பீரியடைத் தொடங்கி வைக்கும். 78 தொடங்காது, முன்பின் கவனிப்பு நீங்கலாக, அறுவை செய்த வேலைக்கான கட்டணத்தை மட்டும் தரும். அந்தக் காலத்துக்குள் மறு கண்ணில் செய்யப்படும் அறுவைக்கு 79-ம், கண்ணின் பக்கமும் வேண்டும்.

நாள் கணக்கிலும் தவறு நேர்கிறது. அறுவை மார்ச் 3 என்றால், அதற்கு முந்தைய நாளும் அறுவை நாளும் தொகுப்பில் அடங்கும். 90 நாள் எண்ணிக்கை மார்ச் 4-ல் தொடங்கி ஜூன் 1-ல் முடிகிறது. ஜூன் 2 வருகை தனிக் கட்டணத்துக்கு உரியது. மூன்று மாதம் என்று தோராயமாகக் கணக்கிட்டு ஜூன் 3 வரை காத்திருந்தால், ஜூன் 2 அன்று வந்த நோயாளியின் கட்டணம் கேட்கப்படாமலே போய்விடும்.

அறிகுறி: தையல் விலகியது எந்தக் குறியீடு என்பதில் குழப்பம்

முழுக் கன மாற்று செய்யப்பட்ட கண் பல ஆண்டுகள் கழித்தும் விளிம்பில் பலவீனமாகவே இருக்கும். ஒரு முழங்கை இடி போதும், திறந்துகொள்ளும். அடிபடாமல் தானாக விலகியிருந்தால் டி81.31எக்ஸ்ஏ, கருவிழி மூடல் விலகுவது என்ற சொற்றொடரே அந்தக் குறியீட்டின் கீழ் நூலில் இருக்கிறது. அடிபட்டுப் பிளந்திருந்தால் அது காயம்: உள்ளிருக்கும் திசு வெளியே வராவிட்டால் எஸ்05.3, வந்திருந்தால் எஸ்05.2 குடும்பம், விபத்து நடந்த விதத்துக்கான குறியீடும் சேர்த்து. அவசரப் பிரிவுக் குறிப்பில் நோயாளி சொன்ன வரலாற்றுப் பகுதியைப் படிக்காமல் இதைத் தீர்மானிக்க இயலாது. அறுவை மருத்துவரின் நோட்டு பெரும்பாலும் நேராகத் தையலிலிருந்துதான் தொடங்கும்.

அறிகுறி: கண் அழுத்தம் உயர்ந்ததை மாற்றுச் சிக்கலாகப் போட்டு டினையல்

மாற்றுக்குப் பின் நீண்ட காலம் ஸ்டீராய்டு சொட்டுகள் போடும் கண்களில் அழுத்தம் உயர்வது சாதாரணம். அது மாற்றுத் திசுவின் செயல்பாட்டைப் பாதித்ததாக மருத்துவர் எழுதியிருந்தால் ஒழிய டி86.84-க்கு அங்கே வேலை இல்லை. மாற்றுக்குப் பின் வந்த நோய் எதுவானாலும், திசுவின் செயல்பாட்டைப் பாதித்தால் மட்டுமே மாற்றுச் சிக்கல் என்பது வழிகாட்டியின் விதி. மருந்தால் வந்த கிளாக்கோமா என்று எழுதியிருந்தால் எச்40.6 குடும்பத்தில் பக்கமும் கட்டமும் சேர்த்துப் போட்டு, மருந்தின் பக்க விளைவுக் குறியீட்டைத் தொடர்ந்து போட வேண்டும். இந்த இடத்தில் கை தானாக டி38.0எக்ஸ்5ஏ-க்குப் போகும். அது மாத்திரையாகவோ ஊசியாகவோ உடலுக்குள் போகும் ஸ்டீராய்டுக்கானது. கண் சொட்டானால் மருந்து அட்டவணையில் கண் மருந்து என்ற வரிசையைப் பார்க்க வேண்டும், டி49.5எக்ஸ்5ஏ. அதேபோல நீண்டகால ஸ்டீராய்டு என்ற இசட்79.52-ம் சொட்டு போடுகிறவருக்குப் பொருந்தாது.

அறிகுறி: திசுவின் விலை வரவில்லை

வி2785 என்பது கொடைக் கருவிழியைப் பதப்படுத்தி, பாதுகாத்து, கொண்டு சேர்த்த செலவுக்கான எண். திசுவுக்குக் கண் வங்கியிடம் பணம் கட்டியவர் யாரோ அவரே அதைக் கேட்க முடியும். பெரும்பாலும் அது அறுவை மையமாகத்தான் இருக்கும். மருத்துவரின் கிளெய்மிலும் மையத்தின் கிளெய்மிலும் அது இரண்டு முறை போனால் இரண்டும் சிக்கும். கண் வங்கியின் விலைச்சீட்டு கோப்பில் இருக்கிறதா, அதில் உள்ள திசு எண் ஆபரேட்டிவ் நோட்டில் பதிவான எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அது கோடிங்கை விடப் பெரிய விஷயம். உடனே மேலாளரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி: தையல் எடுத்ததும் பரிசோதனைகளும் திரும்பி வருகின்றன

கருவிழித் தையலை எடுப்பதற்குத் தனி எண் தேடி 65222-ல் போய் நிற்கிறவர்கள் உண்டு. அது கருவிழியில் புகுந்த அந்நியப் பொருளை ஸ்லிட் லேம்பின் துணையோடு அகற்றுவதற்கானது. மருத்துவர் சிகிச்சைக்காகத் தானே போட்ட தையல் அந்நியப் பொருள் ஆகாது. 90 நாளுக்குள் அது தொகுப்பில் அடங்கும். அதன் பிறகு அன்றைய வருகைக் கட்டணத்தில் அடங்கும்.

பரிசோதனைகள் நிலைமை வேறு. குளோபல் பீரியட் அறுவைக் கவனிப்பை மட்டுமே தொகுக்கிறது, நோயறி பரிசோதனைகளைத் தொகுப்பதில்லை. ஆகவே எண்டோதீலிய அணுக்களை எண்ணும் 92286-ம், கருவிழிக் கனம் அளக்கும் 76514-ம் அந்தக் காலத்திலும் தனியாகச் செல்லும். டினையல் வந்தால் முதலில் மருத்துவரின் விளக்க அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். கருவி அச்சிட்ட தாள் மட்டும் அறிக்கை ஆகாது. 92286-க்கு மெடிகேர் நாடு முழுவதற்குமான விதி ஒன்றை, 80.8 என்ற எண்ணில், வைத்திருக்கிறது. ஸ்லிட் லேம்பில் தெரிந்த கருவிழி வீக்கம், எண்டோதீலிய நோய், எண்டோதீலியத்துக்கு ஆபத்து அதிகமான அறுவைக்கு முந்தைய நிலை போன்ற காரணங்களை அது ஏற்கிறது. அந்தக் காரணம் பரிசோதனைக்கு உத்தரவிட்ட குறிப்பிலேயே இருக்க வேண்டும்.

அறிகுறி: மருத்துவர் விடை எழுதிவிட்டார், கிளெய்ம் மறுபடியும் திரும்புகிறது

குவெரிக்கு வந்த விடை மின்னஞ்சலிலேயே தங்கிவிட்டதா, சார்ட்டுக்குள் சேர்ந்ததா என்று பாருங்கள். அந்த விடையைச் சார்ட்டில் சேர்க்கும் பின்சேர்க்கை, அதை எழுதிய தேதியோடும் மருத்துவரின் கையொப்பத்தோடும் தனியாக நிற்க வேண்டும். பழைய குறிப்பின் வரிகளைத் திருத்தி அதே தேதியில் வைப்பது ஆவணத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அடுத்து, அனுப்பிய முறையைப் பாருங்கள். தனியார் பேயர்களுக்கு, முதல் கிளெய்மின் எண்ணைக் குறிப்பிட்டுத் திருத்திய கிளெய்ம் என்பதற்கான 7 என்ற குறியோடு அனுப்பலாம். மருத்துவர் கட்டணத்துக்கான மெடிகேர் பார்ட் பி அந்த 7-ஐ ஏற்பதில்லை. எழுத்துப் பிழை, மாடிஃபையர் பிழை போன்றவற்றுக்கு மறுதிறப்புக் கோர வேண்டும். தீர்மானத்தையே எதிர்ப்பதானால் அதைப் பெற்ற 120 நாளுக்குள் மேல்முறையீட்டின் முதல் படியில் பின்சேர்க்கையோடு முறையிட வேண்டும். செயலாக்கவே முடியாமல் திரும்பிய கிளெய்மைப் புதிதாகவே அனுப்ப வேண்டும். அதற்குச் சிகிச்சை நாளிலிருந்து ஓர் ஆண்டே கெடு. மருத்துவருக்கு இரண்டாவது நினைவூட்டல் அனுப்பும்போது அந்தக் கடைசித் தேதியைக் கணக்கிட்டு, குவெரியோடு சேர்க்காமல், உங்கள் பணிப் பட்டியலில் அந்தக் கிளெய்மின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.